கிருபை தயாபத்து வரைக்கும்

நான் டாக்டர் இல்லை என்று ஜொவிட்டா டீச்சரிடம் பலமுறை சொல்லிவிட்டேன். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. வெள்ளைக் கோட்டு மாட்டியவர்கள் எல்லாரும் அவருக்கு டாக்டர்தான். நான் மெடிக்கல் ஃபிசிசிஸ்ட். புற்றுநோயாளிக்கு டாக்டர் எவ்வளவு ரேடியேஷன் எழுதித் தருகிறாரோ, அதை எந்த இடத்தில், எந்த வேகத்தில், எவ்வளவு நேரம் கொடுப்பது என்று கணக்குப் போட்டு மெஷினிடம் ஒப்படைப்பது என் வேலை. கணக்கு சரியாக இருந்தால் என்னை யாருக்கும் தெரியாது. தப்பினால் ஊருக்கே தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் தேனாம்பேட்டையில் ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பி, லஸ் சர்ச் ரோட்டில் ஆட்டோ நகராமல் நின்றுகொண்டிருந்தபோது டீச்சர் போன் செய்தார்.

"டாக்டர், வீட்டுக்குப் போயிட்டீங்களா? தொந்தரவு பண்றேனா?"

"இல்ல டீச்சர், சொல்லுங்க. வலி இருக்கா?"

"வலியைத் தாங்கிக்கலாம். உங்க மெஷினைப் பாராட்டணும்னு தோணுச்சு, அதான் போட்டேன். ஜெபமாலையை ஆரம்பிச்சு அஞ்சு பத்தும் முடிச்சு, கடைசியா சொல்ற கிருபை தயாபத்து மந்திரத்துக்கு வர்றேன், டக்குனு மெஷின் நிக்குது. போன ரெண்டு வாரமும் அதே இடம். இன்னைக்கும் அதே இடம். எங்க ஸ்கூல்ல பெல் அடிக்கிறவர்கூட இவ்ளோ கரெக்ட் கிடையாது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்து வைத்தேன் என்று நினைக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

இன்றைக்கு மெஷின் அதே இடத்தில் நின்றிருக்கக் கூடாது. ஜெபமாலை பாதியைத் தாண்டியிருக்கவே கூடாது.

டீச்சருக்குக் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய். சாந்தோமில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். வெளியிலிருந்து கொடுக்கும் கதிர் முடிந்து, இப்போது உள்கதிர். வெள்ளிக்கிழமைதோறும் ஒன்றாக நான்கு தடவை. உடம்புக்குள் மெல்லிய குழாய்களைப் பொருத்தி, ஆளைத் தனியாக ஓர் அறையில் விட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிடுவோம். மெஷினுக்குள்ளிருந்து அரிசிமணியை விடச் சிறிய இரிடியம் துண்டு ஒன்று கம்பியின் நுனியில் ஓடிப்போய், குழாய்க்குள் அங்கங்கே நின்று நின்று திரும்பும். அதைத்தான் சோர்ஸ் என்போம். அதுவரை நோயாளி அசையாமல் கிடக்க வேண்டும். டீச்சர் அந்த நேரத்தில் பத்துப் பத்து மணியாக ஐந்து பத்து உருட்டி ஜெபமாலை சொல்வார். வெள்ளிக்கிழமை என்பதால் இயேசு பட்ட பாடுகளைத் தியானிக்கும் துக்க தேவ இரகசியம். நாளும் பொருத்தமாகத்தான் போட்டிருக்கிறீர்கள் என்று முதல் வாரமே என்னை வாரினார்.

அந்த இரிடியம் நாளாக நாளாக வலுவிழக்கும். வலுவிழந்த சோர்ஸ் அதே டோஸைக் கொடுத்து முடிக்க அதிக நேரம் பிடிக்கும். முதல் இரண்டு வாரமும் எங்களிடம் இருந்தது கிழடு தட்டிய சோர்ஸ். பன்னிரண்டு நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட ஆனது. இந்த வாரம் புதன்கிழமை புதிது வந்தது. இரண்டு மடங்குக்கும் மேல் வலு. இன்றைக்கு ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டும்.

அதே இடத்தில் நின்றது என்றால் அதே நேரம் ஓடியிருக்கிறது. புது சோர்ஸில் அதே நேரம் ஓடினால், டீச்சர் உடம்பில் இரண்டு மடங்குக்கும் மேல் டோஸ் இறங்கியிருக்கிறது.

ஆட்டோவைத் திருப்பச் சொன்னேன். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"இன்னா மேடம், இப்பதான் இந்த டிராபிக்ல முட்டி மோதி வந்தோம். மறுபடி அங்கியே போணும்ன்றீங்க."

"போங்க. சீக்கிரம் போங்க."

என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவர் மறுபேச்சில்லாமல் திருப்பினார்.

புது சோர்ஸ் வந்தால் அதன் வலுவை இரண்டு கம்ப்யூட்டரில் மாற்ற வேண்டும். மெஷினை ஓட்டுவதில் ஒன்று, நான் கணக்குப் போடுவதில் ஒன்று. மாற்றினேன். உடன் வேலை செய்யும் நிரஞ்சன் பக்கத்தில் நின்று சரிபார்த்தான். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் இன்று காலை டீச்சரின் சிகிச்சைப் பிளானைப் போடும்போது போன வாரத்துப் பிளானைக் காப்பி எடுத்துக்கொண்டுதான் ஆரம்பித்தேன். நேரம் மிச்சம் என்று எல்லாரும் செய்வதுதான். அந்தக் காப்பியோடு பழைய சோர்ஸும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தால்? மெஷின் கண்டுபிடித்து எச்சரிக்கும். எச்சரித்ததா? நாளெல்லாம் எதையாவது எச்சரித்துக்கொண்டேதான் இருக்கிறது, நானும் ஓகே ஓகே என்று தட்டித் தள்ளிக்கொண்டேதான் இருக்கிறேன். டோஸ் எண்களைப் பார்த்தது நினைவிருக்கிறது. நேரத்தைப் பார்த்தேனா? நிரஞ்சன் இன்றைக்கு லீவு. மெஷின் ஓடும்போதும் நான் அங்கே இல்லை. அடுத்த நோயாளியின் ஸ்கேனைப் பார்க்க, டோஸ் எழுதித் தரும் விஜயலக்ஷ்மி டாக்டர் கூப்பிட்டார் என்று போய்விட்டேன்.

மெஷினை ஓட்டிய டெக்னீஷியன் வைரவனுக்கு போன் போட்டேன்.

"வைரவா, ஜொவிட்டா டீச்சருக்கு இன்னிக்கு எவ்ளோ நேரம் ஓடுச்சு?"

"சீக்கிரம் முட்ஞ்ச மாதிரிதான் ஞாபகம் கீது மேடம். ஆனா இன்னிக்கு மூணு பேர் ஆச்சே. யாருக்கு எவ்ளோன்னு கரெக்டா சொல்ல வரல. இன்னா, எதுனா பிராப்ளமா?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான்."

உடனே அப்பா போன். மயிலாப்பூரில் எங்கள் வீட்டுச் சமையலறை அவர் பொறுப்பு.

"ஹம்சினி, வந்துண்டிருக்கியா? வரச்சே கொத்தமல்லி வாங்கிண்டு வந்துடு. ஆத்துல சுத்தமா இல்லை."

"அப்பா, ஒரு நாள் கொத்தமல்லி இல்லேன்னா குடி முழுகிடாது," என்று எரிந்து விழுந்துவிட்டு கட் செய்தேன். பாவம், அவர் என்ன செய்தார்.

முதல் நாள் டீச்சர் என்னிடம் கேட்டது ஞாபகம் வந்தது. ஏன் நாலு தடவை, ஒரே தடவையில் கொடுத்துத் தொலைத்தால் என்ன என்று கேட்டார். கணக்கு டீச்சர் ஆயிற்றே என்று நானும் உற்சாகமாக விளக்கினேன். ரேடியேஷனுக்கு நல்ல செல், கெட்ட செல் என்று வித்தியாசம் தெரியாது டீச்சர், இரண்டையும் கிழிக்கும். நல்ல செல் நின்று நிதானமாகத் தன் கிழிசலைத் தைத்துக்கொள்ளும். கேன்சர் செல்லுக்கு அந்தப் பொறுமை கிடையாது, அரைகுறையாகத் தைத்துக்கொண்டு பெருகப் பார்க்கும், அங்கேதான் மாட்டிக்கொண்டு சாகும். அதனால் மெதுவாகக் கொடுத்தாலும், இடைவெளி விட்டுக் கொடுத்தாலும் நல்ல செல்லுக்குத் தைக்க நேரம் கிடைக்கும். அந்தக் காலத்தில் வலுக் குறைந்த சோர்ஸை உள்ளே வைத்து இரண்டு நாள், மூன்று நாள் படுக்க வைத்திருந்தார்கள். வேகமாக நிறையக் கொடுத்தால் ஒரு கிழிசல் மேலேயே இன்னொரு கிழிசல் விழும், அப்புறம் தைக்கத் துணி மிஞ்சாது. இவ்வளவும் நான்தான் சொன்னேன். டீச்சர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

இப்போது அது எனக்கே திரும்பி வந்தது. குடலும் மூத்திரப்பையும் அந்தக் குழாய்களிலிருந்து ஒரு விரல் தூரத்தில் இருக்கின்றன. இரண்டு மடங்கு டோஸ் என்றால் சேதம் இரண்டு மடங்கோடு நிற்காது, பல மடங்கு ஏறும். எனக்குப் பயமாக இருந்ததெல்லாம் அது சத்தமில்லாமல் நடக்கும் என்பதுதான். இன்றைக்கு ஒன்றும் தெரியாது. டீச்சர் இட்லி சாப்பிடுவார், சர்ச்சுக்குப் போவார், எனக்கு போன் செய்து மெஷினைப் பாராட்டுவார். மாதங்கள் கழித்து ஒரு நாள் ரத்தம் வரும். குடலில் ஓட்டை விழும். அந்த ஓட்டையை யாராலும் தைக்க முடியாது. ஆட்டோவில் உட்கார்ந்து நான் பயந்தேன்.

ஆஸ்பத்திரியில் எங்கள் பகுதி பூட்டியாகிவிட்டது. செக்யூரிட்டியிடம் சாவி வாங்கித் திறந்து, மெஷினின் திரையை உயிர்ப்பித்து, டீச்சரின் பெயரைத் தேடினேன். ஜே என்று அடிப்பதற்குப் பதில் இரண்டு தடவை கே என்று அடித்தேன்.

ஐந்து நிமிடம், சில நொடிகள்.

மறுபடி பார்த்தேன். பிளானில் இருந்தது புது சோர்ஸ்தான். அதன் சான்றிதழை எடுத்து எண்ணோடு எண் ஒப்பிட்டேன். கம்ப்யூட்டரை நம்பாமல் காகிதத்தில் கையால் போட்டுப் பார்த்தேன். எல்லாம் சரி. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து மூச்சு விட்டேன்.

அந்த நிம்மதி, ஃபேன் சுற்ற ஆரம்பித்து வேகம் பிடிப்பதற்குள் போய்விட்டது. மெஷின் சரி என்றால் ஜெபமாலை தப்பு. ஆனால் டீச்சரின் ஜெபமாலை தப்பாது. சின்ன வயதிலிருந்து ஒரு நாள் விடாமல் சொல்கிறவர். ஜொவிட்டா ஜெபமாலை சொன்னால் அதை வைத்து வாட்ச் சரி பண்ணிக்கொள்ளலாம் என்று அவர் கணவர் அகஸ்டின் வெளியில் காத்திருந்தபோது என்னிடம் சொல்லியிருக்கிறார். இரண்டு வாரம் மெஷினும் அவரும் ஒத்துப்போயிருக்கிறார்கள். இந்த வாரம் மட்டும் ஏன் ஒத்துப்போகவில்லை? திரையில் இருக்கும் நேரத்தை எழுதியது மெஷின்தானே. மெஷினின் கடிகாரமே கெட்டிருந்தால் அது தன்னைப் பற்றி எழுதுவதும் பொய்யாகத்தான் இருக்கும்.

காலி அறையைப் பூட்டி, சோர்ஸை வெளியே ஓட்டி, கையில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தேன். இரண்டும் இம்மி பிசகாமல் ஒத்துப்போயின. அப்படியானால் தவறு எங்கே? எனக்குத் தெரிந்த எல்லா இடத்திலும் தேடியாகிவிட்டது. இனி தவறு இருந்தால் எனக்குத் தெரியாத இடத்தில்தான் இருக்கும். முதலில் வந்த பயத்தை விட இந்தப் பயம் மோசம். விஜயலக்ஷ்மி டாக்டருக்கு என்னவென்று சொல்வது? ஒரு ஜெபமாலை இடிக்கிறது என்றா?

போனில் கேட்டிருக்கலாம். முடியவில்லை. முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும் போல் இருந்தது. இன்னொரு ஆட்டோ பிடித்து, கச்சேரி ரோடு வழியாக சாந்தோம் போனேன்.

அகஸ்டின்தான் கதவைத் திறந்தார். கையில் கரண்டி இருந்தது.

"வாங்கம்மா, வாங்க. ஜொவி, உன் டாக்டரம்மா வந்திருக்காங்க பாரு."

டீச்சர் சோபாவில் காலை நீட்டிச் சாய்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தார். வேண்டாம் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் என் முகத்தையே பார்த்தார். முப்பது வருஷம் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தவரிடம் மறைக்க நமக்குச் சாமர்த்தியம் போதாது.

"பரிட்சையைத் தப்பா எழுதிட்டு வந்த புள்ள மாதிரி இருக்கீங்க. என்ன ஆச்சு டாக்டர்?"

"ஒண்ணு கேக்கணும் டீச்சர். இன்னைக்கு உள்ள ஜெபமாலை சொன்னீங்களே, எப்பவும் சொல்ற வேகத்துலதான் சொன்னீங்களா?"

அவர் அகஸ்டினைப் பார்த்தார், பிறகு தன் விரல்களைப் பார்த்தார்.

"இல்ல," என்றார். "ஓடினேன்."

"புரியல டீச்சர்."

"குழாயெல்லாம் வெச்சுட்டு கதவைச் சாத்தறதுக்கு முன்னாடி அந்தத் தம்பி வைரவன் சொன்னாரு. அம்மா, இன்னிக்கு புது சோர்ஸ், ஸ்பீடு ஜாஸ்தி, சட்டுனு முட்ஞ்சிடும்னு. நல்லதுன்னு நெனச்சுத்தான் சொன்னாரு. எனக்கு நீங்க முதல் நாள் சொன்னது ஞாபகம் வந்துடுச்சு. வேகமா குடுத்தா நல்ல செல்லுக்குத் தைக்க நேரம் இருக்காதுன்னு. பயந்துட்டேன் டாக்டர். எழுந்து ஓடவா முடியும்? கதவு சாத்தியாச்சு. அதுக்கு அப்புறம் என் கையில இருந்தது இந்த மணி ஒண்ணுதான். அது எவ்வளவு வேகமா கிழிக்குதோ, அவ்வளவு வேகமா நானும் சொல்லிடணும்னு ஆரம்பிச்சேன். ஒரு மணியையும் விடல. ஆனா வார்த்தை ஒண்ணு மேல ஒண்ணு விழுந்துச்சு. கிருபை தயாபத்துக்கு வந்தப்போ எனக்கு மூச்சு வாங்கிச்சு."

அதே எண்ணிக்கையிலான மணிகள், பாதிக்கும் குறைவான நேரம். மெஷின் செய்ததையேதான் டீச்சரும் செய்திருக்கிறார். நான் சிரித்திருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது.

"இதை போன்லயே சொல்லியிருக்கலாமே டீச்சர். அதே இடம், அதே இடம்னு சொன்னீங்க. நான் எங்கெங்க ஓடிட்டு வரேன் தெரியுமா?"

"வெக்கமா இருந்துச்சு. படிச்சவ, இப்படிப் பயந்தேன்னு எப்படிச் சொல்றது? பாராட்டற மாதிரி போட்டுக் கேட்டுப் பாக்கலாம்னு நெனச்சேன். ஆமா டீச்சர், எப்பவும் ஆகற நேரம்தான் இன்னைக்கும் ஆச்சுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா நிம்மதியாத் தூங்கிடலாம்னு இருந்தேன்." குரல் இறங்கியது. "நீங்க ஒண்ணுமே சொல்லல. சிரிச்சீங்க, அதுவும் பாதியில நின்னுடுச்சு."

பாராட்டு என்று நான் வாங்கிக்கொண்டது கேள்வி. அவர் கேட்டதற்குப் பதில் சொல்லாமல், அவர் வாயிலிருந்து விழுந்த இரண்டு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நான் என் பயத்தைப் பார்க்கப் போய்விட்டேன். அந்தச் சாயங்காலம் முழுக்க அவர் இந்த சோபாவில் தன் குடல் கிழிந்துகொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நிறுத்திச் சொன்னேன். அன்றைக்கு நான் அரைகுறையாகச் சொன்னதை முழுதாகச் சொன்னேன்.

"டீச்சர், நல்ல செல் தன்னைத் தைச்சுக்க மணிக்கணக்கா ஆகும். நாள் கணக்காகூட ஆகும். அதுக்கு முன்னாடி பன்னெண்டு நிமிஷமும் அஞ்சு நிமிஷமும் ஒண்ணுதான், அதுக்கு வித்தியாசமே தெரியாது. மொத்த டோஸ் மாறல, நான் கையால போட்டுப் பாத்துட்டுத்தான் வரேன். அதுக்குத் தைக்கற நேரம்னு நாங்க குடுக்கறது இந்த ஒரு வாரம். இப்ப நீங்க இங்க படுத்திருக்கீங்களே, இப்பதான் அது தைச்சுக்கிட்டு இருக்கு."

அவர் யோசித்தார். கணக்கு அவருக்குப் பிடிபட்டது, நெற்றிச் சுருக்கம் தளர்ந்தது. பிறகு கேட்டார்.

"அப்புறம் நீங்க ஏன் ஓடி வந்தீங்க?"

சமாளிக்க நாலு வழி இருந்தது. மூன்று வாரமாக இந்த மனுஷி என் முகத்தை நம்பித்தான் அந்த அறைக்குள் போய்க்கொண்டிருந்தார் என்பதும் எனக்குத் தெரியும்.

"அதே நேரம் ஆச்சுன்னு நீங்க சொன்னதும், உங்களுக்கு ரெண்டு மடங்கு குடுத்துட்டேனோன்னு பயந்துட்டேன் டீச்சர்."

அகஸ்டின் கரண்டியை மேஜை மேல் வைத்தார். சத்தமில்லாமல் வைத்தார்.

"உங்களுக்கும் பயமா?" என்றார் டீச்சர்.

"ஒவ்வொரு தடவையும்."

கோபித்துக்கொள்வார், வேறு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்பார் என்று நினைத்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் அதில் தப்பும் இல்லை.

"நல்லது," என்றார். "பயப்படாத ஆளுகிட்ட இருந்தா எனக்குத்தான் இன்னும் பயம்." அப்புறம், "வேகமா சொன்ன ஜெபமாலைக்குப் பலன் குறையுமா டாக்டர்?"

"அதை ஃபாதர்கிட்டதான் கேக்கணும்."

"ஃபாதரே வேகமாத்தான் சொல்வாரு," என்றார் அகஸ்டின்.

டீச்சர் அவரை முறைத்தார். எனக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். வேகத்தைப் பற்றி எங்களுக்கும் எல்லாம் தெரிந்துவிடவில்லை என்று டீச்சரிடம் சொன்னேன். கண் இமைப்பதற்குள் மொத்த டோஸையும் கொட்டிவிட்டால் நல்ல செல் அதிகம் தப்பிக்கிறது என்று எலிகளில் பார்த்திருக்கிறார்கள், ஏன் என்று இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அப்படியானால் வேகமாகச் சொன்ன என் ஜெபமாலையும் பலித்தாலும் பலிக்கும் என்றார் டீச்சர்.

அடுத்த வெள்ளிக்கிழமை கடைசித் தடவை. பிளானைக் காப்பி எடுக்காமல் முதலிலிருந்து போட்டேன். விஜயலக்ஷ்மி டாக்டர் ஏன் இவ்வளவு நேரம் என்று இரண்டு தடவை ஆள் அனுப்பினார், காத்திருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். குழாய் பொருத்திய பிறகு நானே அறைக்குள் போய் டீச்சர் பக்கத்தில் நின்றேன். அவர் உதடு காய்ந்திருந்தது.

"போன வாரத்தைவிடக் கொஞ்சம் கூட ஆகும் டீச்சர், சோர்ஸுக்கு ஒரு வாரம் வயசாயிடுச்சு. ஆனாலும் உங்க வேகத்துல சொன்னா பாதியிலதான் நிக்கும். பாதியில நின்னா சரியா நடந்திருக்குன்னு அர்த்தம்."

"பாதியிலயா," என்றார். அது அவருக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்தது. ஆனாலும் தலையாட்டினார்.

கதவைச் சாத்தினோம். வைரவன் பட்டனை அழுத்தினான். கேமராத் திரையில் எனக்கு அவர் கை மட்டும்தான் தெளிவாகத் தெரிந்தது. மணிகள் மெதுவாக நகர்ந்தன, ஒவ்வொன்றிலும் விரல் முழுசாக நின்று நகர்ந்தது. எவ்வளவு பயந்துகொண்டு அவ்வளவு மெதுவாகச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். நானும் என் பங்குக்கு நேரம் இறங்குவதையும் அந்த விரலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் பத்தில் மெஷின் நின்றது. சோர்ஸ் பெட்டிக்குள் திரும்பியது, கதவு மேல் விளக்கு பச்சைக்கு மாறியது. திரையில் டீச்சரின் விரலும் நின்றுவிட்டது. அவர் முகத்தைத் திருப்பி கேமராவைப் பார்த்தார்.

வைரவன் கதவுப் பக்கம் போனான்.

"இரு வைரவா," என்றேன்.

"பச்சை வந்துட்சே மேடம்."

"தெரியும். இரு."

மைக்கை அழுத்தினேன். "சரியா முடிஞ்சுது டீச்சர். எங்க வேலை ஆச்சு. நீங்க உங்களோடதை முடிங்க. நாங்க வெளியில நிக்கறோம்."

எது செத்தது, எது பிழைத்தது என்று இன்னும் சில மாதம் கழித்து ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். அதுவரை அவருக்கும் பயம்தான், எனக்கும் பயம்தான். திரையில் விரல் அடுத்த மணிக்கு நகர்ந்தது. வைரவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். கிருபை தயாபத்து வரைக்கும் நாங்கள் கதவைத் திறக்கவில்லை.